கேஷும் குக்கீயும்



நம் சங்க மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, என் துறையாகிய இயற்பியலிலிருந்து ஏதேனும் எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதிதாய் வந்த தம்பி ஒருவன் என் அறைக் கதவைத் தட்டி, “அண்ணா, லாகின் ஆக மாட்டேங்குது” என்று முகம் வாடி நிற்கின்றான். தேர்வுப் பதிவாயினும், விடுதிக் கட்டணமாயினும், உதவித்தொகையாயினும் இக்காலத்தில் எல்லா வாயில்களும் இணையத்தின் வழியே திறக்கின்றன. அந்த வாயில் திறவாதபோது, நம்மவர் பலர் பிழை தம்முடையதே என்று எண்ணிக் கலங்குகின்றனர். சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் கலங்கினேன். ஆகவே என் கதையையே முதலில் சொல்லி, பிறகு அதன் அறிவியலை விளக்குகின்றேன்.

அன்று நடந்தது

நான் சங்கரன்கோவில் பக்கத்தவன். தந்தை விசைத்தறி ஓட்டுகின்றார். இந்த ஊருக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. இந்தி என் காதுக்கு ஓசையாக மட்டுமே இருந்த காலம். உதவித்தொகையைப் புதுப்பிக்க அன்று நள்ளிரவே கடைசி. விண்ணப்பத் தளத்தில் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டேன். பக்கம் ஒருமுறை சிமிட்டியது. மீண்டும் அதே நுழைவுப் பக்கம் வந்து நின்றது. தவறு என்று ஒரு சொல்லும் இல்லை. பத்து முறை முயன்றேன். பத்து முறையும் அதே கதைதான்.

அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த எழுத்தர் என் முறையீட்டைக் கேட்டுவிட்டு, “கேஷ் கிளியர் கர்கே தேகோ” என்றார். கேஷ் என்றால் எனக்குத் தெரிந்த பொருள் பணம்தானே! கட்டணப் பாக்கி ஏதோ நிற்கின்றது, அதைத் தீர்த்தால்தான் வாயில் திறக்கும் என்று கொண்டேன். கட்டணச் சாளரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்று, ‘பாக்கி இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அலுவலகம் பூட்டிக் கிடந்தது.

இரவு விடுதியில் அறைத்தோழர் ஒருவர், “உலாவியில் இருப்பதை எல்லாம் அழித்துவிடு, சரியாகும்” என்றார். அழித்தேன். சரியாகவில்லை. அதற்கு மேலும் ஒரு கேடு வந்தது. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய சான்றிதழ் என் மின்னஞ்சலில் இருந்தது. எல்லாவற்றையும் அழித்ததால் மின்னஞ்சலும் என்னை மறந்து, கைப்பேசிக்கு ஓர் எண் அனுப்பியிருப்பதாகவும் அதைச் சொல்ல வேண்டும் எனவும் கேட்டது. அந்தக் கைப்பேசி ஊரில் என் தந்தையின் சட்டைப் பையில் இருந்தது.

இரவு 10 மணி. அவர் தறியில் இருந்தார். மூன்றாம் முறை அழைத்தபோது எடுத்தார். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேளாமல், வெளியே வந்து நின்று அந்த ஆறு இலக்கங்களைப் பார்த்தார். “ஏய்யா, இத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கானே, ஒனக்குச் சொல்லலாமா?” என்று கேட்டார். “சொல்லுங்கப்பா” என்றேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல் ஒவ்வொன்றாய்ச் சொன்னார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை, “பணம் வந்துரும்லா?” என்று மட்டும் கேட்டார்.

சான்றிதழ் கிடைத்தது, வாயிலோ இன்னும் திறக்கவில்லை. கடைசியில் நம் சங்கத்தைச் சேர்ந்த, கணினித் துறையில் ஆய்வு செய்யும் அக்கா ஒருவரைத் தொலைபேசியில் எழுப்பினேன். “முதலில் வேறொரு பிரவுசரில் திறந்து பார், தம்பி” என்றார். திறந்தேன். உடனே உள்ளே சென்றது. 11 மணி 40 நிமிடத்துக்கு விண்ணப்பம் சேர்ந்தது. நோய் இன்னதென்று கேளாமல் மருந்து தின்றவன் கதைதான் என் கதை என்பதை மறுநாள் அவர் விளக்கினார். அந்த விளக்கத்தையே இனி உங்களுக்குத் தருகின்றேன்.

இணையத்துக்கு ஏன் மறதி?

நாம் பிரவுசர் என்று அழைக்கும் உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கின்றது. தொலைவிலுள்ள சர்வர் அதைக் கொடுக்கின்றது. அவ்வளவோடு அவ்விரண்டின் உறவும் முடிந்தது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, ‘சற்று முன் கேட்டவர் இவரே’ என்று சர்வருக்குத் தெரியாது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் வையவிரி வலையை அமைத்தபோது வகுத்த முறை இதுவே. ஆய்வுத் தாள்களைப் படிக்க அது போதுமானதாய் இருந்தது. கடை நடத்துவதற்கும் கணக்கு வைப்பதற்கும் போதவில்லை.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி என்னும் இளைஞர் இதற்கு ஒரு வழி கண்டார். இணையக் கடையில் ஒருவர் கூடையில் இட்ட பொருள்களை எப்படி நினைவில் வைப்பது என்பதே அவர்முன் இருந்த வினா. அவர் கண்ட விடைதான் குக்கீ. நிரல்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு குறிப்பை நிரல் எழுதுவோர் ‘மேஜிக் குக்கீ’ என்று முன்பே அழைத்து வந்தனர். பெயர் அதிலிருந்து வந்ததே. தின்பண்டத்துக்கும் இதற்கும் வேறு தொடர்பு இல்லை.

குக்கீ என்பது என்ன? எங்கள் ஊர் ஆடித்தபசுக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். கோவில் வாசலில் காலணி காப்பவர் நம் முகத்தை நினைவில் வைப்பதில்லை. எண் பொறித்த வில்லை ஒன்றைத் தருகின்றார். திரும்பி வந்து வில்லையை நீட்டினால், அந்த எண்ணுள்ள தட்டிலிருந்து நம் செருப்பை எடுத்துத் தருகின்றார். குக்கீ அந்த வில்லை. நாம் ஒருமுறை கடவுச்சொல் சொல்லி உள்ளே நுழைந்ததும், சர்வர் ஒரு நீண்ட எண்ணை நம் உலாவியிடம் கொடுக்கின்றது. அதன்பின் ஒவ்வொரு பக்கம் கேட்கும்போதும் உலாவி அந்த எண்ணைக் காட்டுகின்றது. நம் பெயரும் மதிப்பெண்ணும் பெரும்பாலும் அங்கே சர்வரின் தட்டிலேதான் இருக்கின்றன. நம்மிடம் இருப்பது வில்லை மட்டுமே.

இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் எஞ்சியவை எளிதில் விளங்கும். ஒரு தளத்தின் வில்லை வேறு தளத்தில் செல்லாது. சட்டைப் பையிலுள்ள வில்லையைக் கால்சட்டைப் பையில் தேடிப் பயனில்லை. அதுபோல் குரோமில் நுழைந்தவர் ஃபயர்ஃபாக்ஸில் புதியவரே. சில செயலிகள் இணைப்பைத் தமக்குள்ளேயே ஒரு சிறு உலாவியில் திறக்கின்றன. அங்கே நுழைந்துவிட்டுப் பின் குரோமில் திறந்து, ‘இப்போதுதானே நுழைந்தேன்!’ என்று வியப்பவர் பலர். அது வேறு பை, அவ்வளவே.

எழுத்தர் சொன்ன கேஷ் வேறொன்று. ஒரு பக்கத்தின் படங்கள், அலங்காரங்கள் முதலியவற்றை ஒவ்வொரு முறையும் தொலைவிலிருந்து வரவழைக்காமல், உலாவி தன்னிடம் சேர்த்துவைக்கும் கிடங்கு அது. பிரெஞ்சு மொழியில் ஒளித்தல் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது. ஒலி மட்டும் பணத்தைக் குறிக்கும் கேஷைப் போன்றது. கிடங்கை அழித்தால் அடுத்த முறை பக்கம் சற்று மெல்ல வரும். வேறு இழப்பு இல்லை. வில்லைகளை அழித்தாலோ எல்லாத் தளங்களும் நம்மை மறக்கும். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் பலர் என்னைப்போல் நள்ளிரவில் தந்தையை எழுப்ப நேர்கின்றது.

வாயில் திறவாமைக்குக் காரணங்கள்

முதலாவது, பழைய வில்லை. அங்கே தட்டைக் காலி செய்துவிட்டனர். நாமோ பழைய எண்ணையே நீட்டுகின்றோம். நன்கு கட்டப்பட்ட தளம் புதிய வில்லை தந்துவிடும். அவ்வாறு கட்டப்படாத தளம் நம்மைச் சுற்றிச் சுற்றி வரச்செய்யும். சேர்க்கையின்போது விண்ணப்பதாரராக நுழைந்த அதே உலாவியில் பின்னர் மாணவராக நுழைவோர்க்கு இது அடிக்கடி நேர்கின்றது.

இரண்டாவது, வில்லையை உலாவியே வாங்க மறுத்தல். சர்வர் கொடுக்கின்றது, உலாவி கீழே போட்டுவிடுகின்றது. அடுத்த நொடி நாம் வில்லையின்றி நிற்கின்றோம். சர்வர் மீண்டும் நுழைவுப் பக்கத்தைக் காட்டுகின்றது. கடவுச்சொல் சரியாகவே இருந்ததால் பிழை என்று ஒன்றும் எழுதுவதில்லை. எனக்கு நேர்ந்தது இதன் ஒரு வகை. விளம்பரக்காரர்கள் நம்மைத் தளம்தோறும் பின்தொடர்வது பிற தளத்தார் இடும் மூன்றாம் தரப்புக் குக்கீகளால். அவற்றைத் தடுப்பது நல்லது என்று கேட்டு நானே ஒரு மாதம் முன்பு தடுத்து வைத்திருந்தேன். செயல் தவறன்று. ஆனால் அந்த விண்ணப்பத் தளத்தில், பக்கத்தின் நடுவே இருந்த நுழைவுப் பெட்டி வேறொரு முகவரியிலிருந்து வந்தது. உலாவியின் கண்ணுக்கு அதுவும் மூன்றாம் தரப்பே. விளம்பரக்காரரோடு அதையும் சேர்த்துத் துரத்திவிட்டது. தடை நீங்காமல் இருந்தவரை, எத்தனை முறை அழித்தாலும் என்ன பயன்?

மூன்றாவது, வில்லைகள் மிகுதல். ஒரு குக்கீ ஏறத்தாழ 4,096 பைட்டு வரை இருக்கலாம். பல்கலைக்கழகத்தின் நூலகம், தேர்வு, விடுதி என்று கிளைத் தளங்கள் பல இருந்து, ஒவ்வொன்றும் தாய்முகவரியின் பேரால் வில்லை தந்தால், அத்தனையும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் செல்லும். பல சர்வர்கள் இத்தகைய தலைப்புச் செய்தியை 8 கிலோபைட்டு அளவுக்கு மேல் ஏற்பதில்லை. அப்போது 400 என்னும் எண்ணோடு, ‘குக்கீ டூ லார்ஜ்’ என்று பக்கம் வரும்.

நான்காவது, கணினியின் கடிகாரம். நெடுநாள் கிடந்த மடிக்கணினியில் தேதி முன்னோக்கித் தவறியிருந்தால், இன்று கொடுத்த வில்லையும் காலாவதியானதாகத் தோன்றும், உலாவி எறிந்துவிடும். தேதியைச் சரிசெய்வதே மருந்து.

முதலில் நோயை அறிக

மூன்று சோதனைகள் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

ஒன்று: அதே உலாவியில் இன்காக்னிட்டோ அல்லது பிரைவேட் எனப்படும் மறைவுச் சாளரத்தைத் திறந்து நுழைந்து பாருங்கள். அது வெறும் பையோடு தொடங்கும். அங்கே நுழைய முடிந்தால், பழைய வில்லையோ, நீங்கள் சேர்த்துள்ள எக்ஸ்டென்ஷன் எனப்படும் துணைநிரலோதான் குற்றவாளி.

இரண்டு: அங்கும் முடியாவிட்டால் வேறோர் உலாவியில் முயலுங்கள். அங்கே முடிந்தால், முதல் உலாவியின் தடை அமைப்புகளைப் பாருங்கள். மறைவுச் சாளரத்தில் மூன்றாம் தரப்புக் குக்கீகளுக்கு இயல்பாகவே கட்டுப்பாடு மிகுதி என்பதால், என் நிலையிலுள்ளவர்க்கு முதல் சோதனை உதவாது. இரண்டாவதே உண்மையைச் சொல்லும்.

மூன்று: எந்த உலாவியிலும் முடியாவிட்டால், அறைத்தோழர் ஒருவரைத் தம் கணக்கில் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் முடியாவிட்டால் கோளாறு சர்வரில் உள்ளது. நம்மால் ஆவது ஒன்றுமில்லை. அவருக்கு முடிந்தால் உங்கள் கடவுச்சொல்லை ஐயுறலாம்.

ஒவ்வோர் உலாவியிலும் வழி

பழைய வில்லைதான் நோய் என்று கண்டால், அந்த ஒரு தளத்தின் வில்லையை மட்டும் எடுத்தெறியுங்கள். பட்டியல்களின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்புச் சற்று மாறும், வழி மாறுவதில்லை.

குரோமில், அந்தத் தளத்தைத் திறந்து முகவரிக்கு இடப்பக்கமுள்ள சிறு குறியைச் சொடுக்குக. ‘குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’ என்பதனுள் சென்றால் அத்தளத்தின் பெயரும் அருகே குப்பைக்கூடைக் குறியும் தோன்றும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மூன்று புள்ளிகளின் வழியே ‘செட்டிங்ஸ்’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘ஆல் சைட்ஸ்’ என்று சென்று தளத்தைத் தேடுக. மூன்றாம் தரப்புத் தடைக்கு விலக்கு அளிக்க, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ என்பதனுள் ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’ பகுதியில் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் அந்த ஒரு முகவரியைச் சேர்க்கலாம். தடை முழுவதையும் நீக்க வேண்டுவதில்லை.

எட்ஜ் உலாவி 2020 முதல் குரோமின் அடித்தளமாகிய குரோமியத்தின்மேல் கட்டப்பட்டு வருகின்றது. ஆதலின் வழியும் ஏறத்தாழ அதுவே.

ஃபயர்ஃபாக்ஸில், முகவரிப் பட்டையின் குறியைச் சொடுக்கினால் ‘கிளியர் குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’ என்பது வரும். அது அத்தளத்துக்கு மட்டும் உரியது. 2022 முதல் இவ்வுலாவி ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி உண்டியல் வைக்கும் முறையை யாவர்க்கும் இயல்பாக்கியது. அதனால் என் விண்ணப்பத் தளம் போன்றவை இதில் தடுமாறக் கூடும். அப்போது கேடயக் குறியின் வழியே அத்தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தளர்த்திப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் திரும்ப இறுக்குக.

சஃபாரியில், மேக் கணினியாயின் ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி’, ‘மேனேஜ் வெப்சைட் டேட்டா’ என்று சென்று தளத்தின் பெயரைத் தேடி நீக்குக. ஐபோனில் செட்டிங்ஸில் சஃபாரி பகுதியின் ‘அட்வான்ஸ்டு’ என்பதனுள் ‘வெப்சைட் டேட்டா’ உள்ளது. சஃபாரி 2020-ஆம் ஆண்டிலிருந்தே மூன்றாம் தரப்புக் குக்கீகளை இயல்பாக முற்றும் தடுத்து வருகின்றது. ‘பிளாக் ஆல் குக்கீஸ்’ என்பது இயங்கிக்கொண்டிருந்தால் எந்தத் தளத்திலும் நுழைய இயலாது. அதை முதலில் பாருங்கள்.

எல்லாவற்றையும் அழிக்கத்தான் வேண்டும் என்னும் நிலை மிக அரிது. அந்நிலையிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அழிக்கும் பெட்டியில் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்பதனருகே குறியிடாதீர்கள். குக்கீயை அழிப்பதால் சேமித்த கடவுச்சொற்கள் போவதில்லை. அந்தக் குறியை இட்டால் போய்விடும். மேலும், உங்கள் மின்னஞ்சலோடு இணைந்த கைப்பேசி எண் யாரிடம் உள்ளது என்று முன்னதாகப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த நம்மில் பலருக்கு அது தந்தையின் எண்ணாகவோ, வரும் வழியில் கழற்றிப்போட்ட பழைய சிம்மாகவோ இருக்கின்றது. இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

வில்லையைக் காத்தல்

இறுதியாக ஒன்று. வில்லையை யார் நீட்டினாலும் செருப்பு கிடைக்கும். கடவுச்சொல் தெரியாதவரும் உங்கள் குக்கீயைப் பெற்றால் நீங்களாகவே உள்ளே நடமாட முடியும். ஆகவே நூலகக் கணினியில் வேலை முடிந்ததும் சாளரத்தை மூடினால் போதும் என்று எண்ணாதீர்கள். சில உலாவிகள் மூடித் திறந்தாலும் பழைய வில்லையை மீட்டு வைத்திருக்கும். ‘லாக் அவுட்’ செய்தால்தான் அங்கே சர்வர் அந்த எண்ணைச் செல்லாததாக்கும். பொதுக் கணினியில் மறைவுச் சாளரத்தையே பயன்படுத்துவது இன்னும் நன்று. உதவி செய்வதாகச் சொல்லி உங்கள் குக்கீயை நகலெடுத்து அனுப்பச் சொல்பவர் யாராயினும் மறுத்துவிடுங்கள்.

தோழர்களே, அன்று அந்த எழுத்தர் எனக்குத் தீங்கு செய்யவில்லை. தமக்குத் தெரிந்த மருந்தைச் சொன்னார். எனக்குச் சொல் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று கேட்க நாணினேன். அந்த நாணத்தின் விலை ஒன்றரை மணி நேரமும், தறியை விட்டு வந்த ஒரு மனிதரின் கலக்கமும். அடுத்த திங்களே பணம் வந்தது. “வந்துருச்சுப்பா” என்று சொன்னபோது, “அந்த ஆறு நம்பரு சரியாத்தான் சொன்னேனா?” என்று அவர் கேட்டார்.

ஞாயிறுதோறும் சங்கக் கூட்டம் முடிந்தபின் நானும் அந்த அக்காவும் அரை மணி நேரம் அங்கேயே இருப்போம். நுழைய முடியாத வாயில் எதுவாயினும் மடிக்கணினியோடு வாருங்கள். கடைசி நாளின் இரவு வரை காத்திராமல் வாருங்கள்.